ஒரு காலத்தில் சண்டை போட்ட நாடுகள் இன்று கூட்டாளிகள்: இந்த உறவுகளை மறுபடி யோசிக்க வேண்டாமா?

கேள்வி கேட்டவர் மலேசியாவையும் ஜப்பானையும் உதாரணம் காட்டியிருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் நம்மை ஆக்கிரமித்த நாட்டோடு இன்று பாதுகாப்பு ஒத்துழைப்பு வரை போவது சரிதானா என்பது அவர் சந்தேகம். நான் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்காரன். பக்கத்திலுள்ள பிறையில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன். அதனால் என் பதிலில் வீட்டுக் கதையும் கலந்துதான் வரும்.

என் பாட்டி கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். 1943இல் அவருடைய அண்ணனை, சயாமில் (இன்றைய தாய்லாந்து) ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போட என்று லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்களாம். அவர் திரும்பவே இல்லை. அதே வருடக் கடைசியில் பாட்டியின் தம்பி நேதாஜியின் படையில் சேர்ந்தார். ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்ட இரண்டு பேர். ஜப்பான்காரன் அண்ணனுக்கு எமன், தம்பிக்குத் துப்பாக்கி கொடுத்த தோழன்.

வெள்ளைக்காரன் மட்டும் யோக்கியமா என்று பாட்டி கேட்பார். கேட்க அவருக்குக் காரணம் இருந்தது. 1941 டிசம்பரில் ஜார்ஜ்டவுன்மேல் குண்டு விழுந்தபோது, பினாங்கிலிருந்த ஐரோப்பியர்களை மட்டும் சத்தமில்லாமல் கப்பலேற்றினார்கள். மற்றவர்களை அப்படியே விட்டுவிட்டார்கள். குண்டுவீச்சு நிற்கட்டும் என்று கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ பத்திரிகையின் ஆசிரியர் சரவணமுத்து, இலங்கைத் தமிழர். ஆக, ‘எதிரி நாடு’ என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எங்கள் வீட்டுக்குள்ளேயே அது யார் என்று முடிவாகவில்லை.

சரி, அரசாங்கங்கள் எப்படி முடித்துக்கொண்டன? 1967இல் ஜப்பான் மலேசியாவுக்கு இரண்டரைக் கோடி மலேசிய வெள்ளி (டாலர்) மதிப்பில் நஷ்டஈடு தர ஒப்புக்கொண்டது. அது சரக்குக் கப்பல்களாக வந்தது. நாட்டின் கப்பல் தொழிலுக்கு அது நல்ல தொடக்கம், மறுக்கவில்லை. ஆனால் ரயில் பாதையில் செத்தவனின் குடும்பத்துக்குக் கப்பலில் பங்கு ஏது? 1982இல் பிரதமர் மகாதீர், ஜப்பான் போன்ற கிழக்கு நாடுகளைப் பார்த்துக் கற்போம் என்ற ‘கிழக்கை நோக்கும் கொள்கை’யை அறிவித்தார். 1985இல் மலேசியாவின் முதல் தேசியக் கார் புரோட்டோன் சாகா வந்தது. என் அப்பாவின் முதல் கார் அதுதான். உள்ளே ஓடியது மிட்சுபிஷி எஞ்சின்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் தீபாவளிக்கு என் ஜப்பானிய மேலாளர் வீட்டுக்கு வந்தார். பாட்டிக்குப் பசார் மலாய் (சந்தையில் பேசும் மலாய்) நன்றாக வரும், அவருக்கும் கொஞ்சம் வரும். ஆனாலும் பாட்டி அவரோடு நேராகப் பேசவில்லை. முறுக்குத் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனார். ஒரு பிஸ்கட் டப்பாவோடு திரும்பி வந்தார். அதில் ஆக்கிரமிப்புக் காலத்தில் அச்சடித்த வாழைமர நோட்டு, பத்து வெள்ளி. சண்டை முடிந்த மறுநாள் அது வெறும் காகிதமாகிப் போனது.

“இதை மாத்திக் குடுப்பாரான்னு கேளுடா.”

நான் வேடிக்கையாகவே மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை. நோட்டை இரண்டு கைகளாலும் வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார். அடுத்த வருடமும் வந்தார். அந்த முறை பாட்டி டப்பாவை எடுக்கவில்லை, முறுக்கை மட்டும் கூடுதலாகக் கட்டிக் கொடுத்தார். இதை மன்னிப்பு என்று நான் எழுத மாட்டேன். பாட்டி அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை.

பல பேர் இங்கேதான் குழப்பிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். இரண்டு நாடுகள் கூட்டுச் சேர மனசு ஆறியிருக்க வேண்டியதில்லை. ஆறுவதற்காகக் காத்திருந்தால் ஆசியான் என்ற தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பே வந்திருக்காது.

1963 முதல் 1966 வரை இந்தோனேசியா மலேசியாவோடு ‘கொன்பிரன்டாசி’ என்ற மோதலை நடத்தியது. அதன் அதிபர் சுகார்னோ ‘மலேசியாவை நசுக்குவோம்’ என்று முழங்கினார். 1964இல் ஜொகூர் மாநிலத்தில், பொந்தியானில் படகில் ஆட்கள் வந்து இறங்கினார்கள், லாபிஸில் பாராசூட்டில் குதித்தார்கள். 1966 ஆகஸ்டு 11இல் ஜகார்த்தாவில் அதற்கு முடிவு கட்டிக் கையெழுத்துப் போட்டவர்கள் இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் ஆதாம் மாலிக்கும் மலேசியத் துணைப் பிரதமர் துன் ரசாக்கும். ஓராண்டு நிறைய மூன்று நாள் இருக்கும்போது, 1967 ஆகஸ்டு 8இல், அதே இருவரும் பாங்காக்கில் ஆசியான் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். பக்கத்தில் சிங்கப்பூருக்காக ராஜரத்தினம், சிரம்பானில் வளர்ந்த யாழ்ப்பாணத் தமிழர். சிங்கப்பூர் மலேசியாவை விட்டுப் பிரிந்து அப்போதுதான் இரண்டு வருடம். நான்காவதாக, சபா எங்களுடையது என்று சொல்லிக்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ். ஐந்தாவது, நடுவில் நின்று சமரசம் பேசிய தாய்லாந்து. பந்தி விரித்தால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்க முடியாத சொந்தக்காரர்கள் மாதிரி.

அதற்கப்புறம் மட்டும் எல்லாம் சுமுகமா? 1965இல் சிங்கப்பூரில் மெக்டொனால்டு ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வைத்த இரண்டு இந்தோனேசியக் கடற்படை வீரர்களை 1968இல் சிங்கப்பூர் தூக்கிலிட்டது. 1973இல் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூ ஜகார்த்தா போய் அவர்கள் கல்லறையில் பூத் தூவினார். 2014இல் இந்தோனேசியா தன் போர்க்கப்பலுக்கு அவர்கள் பெயரையே வைத்தது; மறுபடி கசப்பு. ஆனாலும் கூட்டு உடையவில்லை. அந்தக் கசப்பை யாரும் ஒளித்து வைக்கவில்லை, வாய்விட்டே சண்டை போட்டார்கள். அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

மறுபடி யோசிப்பதற்கு வருகிறேன். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தலைக்கு மேல் ஆஸ்திரேலிய மிராஜ் விமானங்கள் பறக்கும். பட்டர்வொர்த் விமானத் தளத்தில் ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாட்டின் (மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து) ஒருங்கிணைந்த பாதுகாப்புத் தலைமையகம் இருக்கிறது. 1971இல் இந்த ஏற்பாடு வந்தபோது கொன்பிரன்டாசியின் சூடு ஆறவில்லை. தாக்குதல் வந்தால் ஐந்து பேரும் கலந்து பேச வேண்டும் என்பதுதான் அதில் உள்ள கடமை, சண்டைக்கு வந்தே ஆக வேண்டும் என்று இல்லை. இன்று இந்தோனேசியாவை நினைத்து யாரும் பயப்படுவதில்லை. அதற்காக ஏற்பாட்டைக் கலைக்கவில்லை. பயிற்சியில் கடல் பாதுகாப்பையும் பேரிடர் மீட்பையும் சேர்த்துக்கொண்டார்கள். இன்னொரு பக்கம் 2004 முதல் மலாக்கா நீரிணையில் கடற்கொள்ளையரைத் தடுக்க மலேசியாவும் இந்தோனேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்தே ரோந்து போகின்றன. ஒரு காலத்தில் ஊடுருவல் படகுகள் வந்த அதே தண்ணீர். மறுபரிசீலனை என்றால் எனக்கு இதுதான்: என்ன பயத்துக்காகச் சேர்ந்தோம், அந்தப் பயம் இன்னும் இருக்கிறதா, இல்லையென்றால் வேறு என்ன வேலை பார்க்கலாம்.

ஜப்பான் விஷயத்துக்கும் இதே அளவுகோல்தான். 2023 டிசம்பரில் அது மலேசிய ராணுவத்துக்கு மீட்புப் படகுகள் வாங்க நாற்பது கோடி யென் தர ஒப்புக்கொண்டது. எனக்கு ஆட்சேபம் இல்லை, வாங்கட்டும். ஆனால் கணக்கு அதோடு தீர்ந்தது என்று யாரும் எழுதிவிட வேண்டாம். அந்த ரயில் பாதை ஓரம், தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளுக்கு வரிசையாகக் கல் இருக்கிறது, பெரும்பாலானவற்றில் பெயரும் இருக்கிறது. அதே பாதையில் செத்த பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் குழி எங்கே என்றுகூடத் தெரியாது. பாட்டியின் அண்ணனும் அதில் ஒருவர். அடுத்த முறை இரு நாட்டு அதிகாரிகளும் உட்காரும்போது, படகுப் பட்டியலோடு, யார் யாரை எந்தத் தோட்டத்திலிருந்து ஏற்றினார்கள் என்று பழைய ராணுவ ஆவணங்களைத் தேடித் தரவும் நம் ஆட்கள் கேட்கலாம்.