எந்தக் கேசரி?

கேள்வி: வக்கீல் தங்குடூரி பிரகாசத்துக்கு 'ஆந்திர கேசரி' என்ற பட்டம் எப்படி வந்தது? துப்பாக்கிக்கு முன் மார்பைத் திறந்து காட்டினார் என்பது உண்மையா, மேடைக் கதையா? (ஒரு வாசகர், காஞ்சிபுரம்)

பதில்: கேசரி என்று படித்ததும் எனக்குப் பசி எடுத்துவிட்டது. கேசரம் என்றால் பிடரிமயிர். பூவின் நடுவே நிற்கும் இழைக்கும் அதே பெயர்தான். பிடரியில் மயிர் உள்ளது சிங்கம், குங்குமப்பூ இழை போட்டது ரவைப் பண்டம். ஆக இரண்டும் பங்காளிகள். இன்றைய பந்திக் கேசரி அந்தக் குடும்பத்தில் சேராது. சென்ற வாரம் ஒரு கல்யாணத்தில் இலையில் விழுந்ததைத் தொட்டேன். விரலில் ஏறிய ஆரஞ்சு நிறம் இரண்டு நாள் சோப்புக்கும் மசியவில்லை. தேர்தல் ஆணையம் கவனிக்கலாம். முந்திரி? அரைப் பருப்பு, அதுவும் பக்கத்து இலையில்.

முன்பு ஒருமுறை இந்தப் பக்கத்தில் 'ஆந்திர கேசரி' என்று அச்சிட்டபோது, ஒரு புலவர் 'க்' எங்கே என்று அஞ்சலட்டை போட்டார். இரண்டும் வடசொல், நடுவில் வலி மிக வேண்டியதில்லை என்று பதில் எழுதினேன். இதுவரை பதினொரு அட்டைகள் வந்துவிட்டன. அவரும் விடவில்லை, நானும் 'க்' போடவில்லை.

சரி, பிரகாசம். மார்பைக் காட்டியது உண்மைதான். 1928 பிப்ரவரி 3. இந்தியாவின் ஆட்சி முறையை ஆராய இந்தியர் ஒருவர்கூட இல்லாமல் லண்டன் அனுப்பிய சைமன் குழு கப்பலிலிருந்து இறங்கியது பம்பாயில். அதை எதிர்த்துத் திரண்ட கூட்டத்தின்மீது துப்பாக்கி வெடித்ததோ சென்னையில், உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில். பார்த்தசாரதி என்பவர் குண்டுபட்டு இறந்தார். உடலைப் பார்த்தே தீருவேன் என்று புறப்பட்ட பிரகாசத்தை, நகர்ந்தால் சுடுவோம் என்று போலீசார் மறித்தார்கள். சட்டையைத் திறந்தார், சுடு என்றார். வழி விட்டார்கள். அப்போது அவருக்கு வயது 55. சில ஆண்டுகளுக்கு முன்புவரை கறுப்பு அங்கியோடு அவர் ஏறி இறங்கிய நீதிமன்றத்தின் வாசல் அது. பட்டம் நிலைத்தது அன்றைக்குத்தான்.

எனக்கு ருசிப்பது வேறு கதை. ஓங்கோல் பக்கத்தில் பிறந்த பிரகாசம் சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் ஓங்கோலில் சாப்பாட்டு விடுதி நடத்தினார். தெலுங்கில் அப்படிப்பட்டவரைப் 'பூடகூள்ளம்மா' என்பார்கள்: காசுக்கு வேளைச் சோறு போடுபவர். அந்த அடுப்புப் புகையில்தான் பையன் படித்தான், ராஜமுந்திரியில் வக்கீலானான், நகராட்சித் தலைவரும் ஆனான். பாரிஸ்டர் படிக்க லண்டன் புறப்பட்டபோது அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டார்: கறி கூடாது, மது கூடாது, புகை கூடாது.

திரும்பி வந்து சென்னையில் வாரிக் குவித்தார். திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் கொலை வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவர்களுக்காக நின்ற வக்கீல்களில் அவரும் ஒருவர். 1921-இல் தொழிலை உதறிவிட்டு 'ஸ்வராஜ்யா' பத்திரிகையைத் தொடங்கினார். ஆங்கிலத்தில், தெலுங்கில், தமிழில் என்று மூன்று மொழிகளில்! ஒரு மொழியில் ஒரு பத்திரிகை நடத்துகிறவன் படும் பாட்டை என் காகித வியாபாரியிடம் கேளுங்கள். வெள்ளைக்காரன் துப்பாக்கியால் முடியாததை அச்சு இயந்திரம் செய்தது. பாரிஸ்டர் சம்பாத்தியம் மொத்தத்தையும் விழுங்கி ஏப்பம் விட்டது. சட்டையைத் திறப்பதைவிடப் பத்திரிகைக்காகப் பணப்பெட்டியைத் திறப்பதற்குத்தான் அதிக நெஞ்சுரம் வேண்டும் என்பது என் கட்சி.

பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியும். 1946-இல் சென்னை மாகாணப் பிரதமர் (முதலமைச்சருக்கு அன்றைய பெயர்); சொந்தக் கட்சிக்காரர்களே 11 மாதத்தில் இறக்கிவிட்டார்கள். சென்னை நகரம் ஆந்திரத்துக்கே வேண்டும் என்று வாதாடிப் பார்த்தார். நாம் நகரத்தைக் கொடுக்கவில்லை, ஒரு தெருவைக் கொடுத்தோம். பிராட்வேதான் இன்று பிரகாசம் சாலை. அந்தத் தெருவைப் போட்ட போப்ஹாமும் வக்கீல்தான் என்பதை யாரும் சொல்வதில்லை. வக்கீலிடமிருந்து பிடுங்கி வக்கீலுக்கே கொடுத்திருக்கிறோம். ஆனால் பஸ்ஸில் ஏறி 'பிரகாசம் சாலைக்கு ஒரு டிக்கெட்' என்று கேட்டுப் பாருங்கள். நடத்துநர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

1953 அக்டோபர் 1-இல் கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர மாநிலம் பிறந்தபோது, 81 வயதில் அவர்தான் முதல் முதலமைச்சர். அடுத்த ஆண்டு நவம்பரில், மதுவிலக்கை விட்டுக்கொடுக்காத அந்த ஆட்சி, மதுவிலக்குப் பிரச்சினையிலேயே கவிழ்ந்தது. ஓங்கோல் அம்மா வாங்கிய சத்தியத்தைச் சட்டமன்றம் ஒரே ஒரு வாக்கில் தோற்கடித்தது.

(புலவர் கவனிக்க: 'மதுவிலக்குப் பிரச்சினை'. இதில் 'ப்' போட்டிருக்கிறேன்.)