சார்ல்ஸ்டன் நகருக்குப் படமெடுக்க மூன்று நாள் பயணம்: எந்த வாரம் போவது, எங்கே தங்குவது, என்ன லென்ஸ் எடுத்துப்போவது?

நான் சார்லட்டில் இருக்கிறேன். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் இங்கிருந்து காரில் மூன்றரை மணி நேரம்தான் என்பதால் கேமராவைத் தூக்கிக்கொண்டு அவ்வப்போது கிளம்பிவிடுவேன். இலையுதிர்காலத்தில் போகப்போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். நல்ல தேர்வு. எந்த வாரம் என்பதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

வண்ண வீட்டு வரிசையான ரெயின்போ ரோ, அன்னாசி நீரூற்று, ஏஞ்சல் ஓக் மரம் என்று ஒரு பட்டியல் எல்லா இடத்திலும் கிடைக்கும். பட்டியலில் குறையில்லை. ஆனால் அந்த ஊரில் ஒரே இடத்தில் ஒரே மணிக்கு வெவ்வேறு வாரங்களில் எடுத்த படங்களைப் பார்த்தால் இரண்டு ஊர் என்றே தோன்றும். காரணம் தண்ணீர். ஆஷ்லி, கூப்பர் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவில் துறைமுகத்தை நோக்கி நீளும் ஒடுங்கிய நிலம்தான் பழைய நகரம். அங்கே கடல் தினம் இரண்டு முறை ஏறி இறங்குகிறது, சராசரியாக ஐந்து அடிக்கும் மேல். சுற்றியுள்ள உப்புச் சதுப்பு நிலங்கள் ஏற்றத்தில் ஏரியாகவும் வற்றத்தில் சேறும் சிப்பித் திட்டுமாகவும் மாறிவிடும். அதனால் ஹோட்டல் பார்ப்பதற்கு முன்னால் ஏற்றவற்ற அட்டவணையைப் பாருங்கள். அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவாவின் தளத்தில் சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கென்றே இலவசமாக இருக்கிறது.

அட்டவணை பழகும்வரை நம்மூர்க் காலண்டரே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அங்கே உச்ச ஏற்றம் காலை எட்டு ஒன்பது மணியையும் இரவு எட்டு ஒன்பது மணியையும் ஒட்டி வரும். அதாவது காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் ஓடைகள் நிறைந்து கிடக்கும், மாலை வெளிச்சம் போகும்போதும் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். அஷ்டமி பக்கம் போனால் தலைகீழ்: நல்ல வெளிச்சம் இருக்கும் வேளையில் தண்ணீர் வற்றியிருக்கும், கொக்குகள் சேற்றில் இறங்கி மேயும். (அஷ்டமியில் பயணம் ஆகாது என்று அம்மா சொன்னால் பறவைப் படங்களைக் காட்டிச் சமாளியுங்கள்.) தினமும் ஏற்றம் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை அமாவாசை, பௌர்ணமி ஏற்றங்கள் வழக்கத்தைவிட உயரமாக வரும். துறைமுக அளவுகோலில் ஏழு அடியைத் தாண்டினால் வானிலைத் துறை வெள்ள எச்சரிக்கை கொடுத்துவிடும். மழை ஒரு சொட்டு இருக்காது, வெயில் அடித்துக்கொண்டிருக்கும், சாக்கடைத் துளை வழியாகக் கடல் தெருவுக்கு வந்துவிடும். ஊர்க்காரர்களுக்குத் தலைவலி, கடல்மட்டம் உயர உயர இது கூடிக்கொண்டே போகிறது. படமெடுப்பவருக்குத் தெருவில் தேங்கிய தண்ணீரில் மாடிவீடும் விளக்கும் தலைகீழாகக் கிடைக்கும். ஆனால் அது உப்புத் தண்ணீர். காரை அதில் விடாதீர்கள், பழைய செருப்பு எடுத்துப்போங்கள், ட்ரைபாட் கால்களை அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

ஆகவே என் விடை: அக்டோபர் கடைசி அல்லது நவம்பர் முதல் பாதியில் அமாவாசையோ பௌர்ணமியோ நடுவில் வருகிற மூன்று நாள். புழுக்கம் குறைந்திருக்கும். அக்டோபர் கடைசியில் சூரியன் ஏழரை மணி வாக்கில்தான் உதிக்கும், அதனால் தூக்கமும் கெடாது. புயல் பருவம் நவம்பர் 30 வரை என்பதால் ரத்து செய்யக்கூடிய அறையாகப் போடுங்கள். வசந்தத்தில், மார்ச் கடைசி முதல் ஏப்ரல் நடுவரை, அசேலியா பூக்கும், அழகுதான், கூட்டமும் அப்படி. மே கடைசியில் தொடங்கும் ஸ்போலேட்டோ கலைவிழாச் சமயத்தில் அறை வாடகையைப் பார்த்தால் கேமராவை விற்கத் தோன்றும்.

தங்குவது எங்கே? பணம் இருந்தால் தீபகற்பத்துக்குள், பிராட் தெருவுக்கு நடந்துபோகும் தூரத்தில். விடியற்காலையில் காரை எடுக்காமல் தெருவில் இறங்கிவிடலாம். இல்லையென்றால் ஆற்றுக்கு அந்தப்பக்கம் மவுண்ட் பிளசன்ட். வாடகை பெரும்பாலும் குறைவு, ஷெம் ஓடையும் ரேவனெல் பாலமும் பக்கத்தில்.

அப்புறம் வெளிச்சத்தின் திசை. கிழக்குக் கரை காலைக்கு, மேற்குக் கரை மாலைக்கு. ஈஸ்ட் பே தெருவில் இருக்கும் ரெயின்போ ரோவின் 13 வீடுகளும் கிழக்கு பார்த்தவை, மதியத்துக்கு மேல் முகப்புகள் நிழலில் செத்துப்போகும். 1930களின் தொடக்கத்தில் அந்தப் பகுதி இடிந்துபோகும் நிலையில் இருந்தது. டோரதி லெக் என்ற பெண்மணி அங்கே வீடு வாங்கிப் புதுப்பித்து இளஞ்சிவப்புச் சாயம் அடித்தார், அக்கம்பக்கத்தவர்கள் தொடர்ந்தார்கள். இப்போது நாம் 'பழமை' என்று எடுக்கும் நிறங்களுக்கு நூறு வயதுகூட ஆகவில்லை. எதிர்ச்சாரியிலிருந்து நேராக எடுத்தால் நிறுத்தியிருக்கும் கார்கள்தான் விழும். நடைபாதையின் ஓரத்தில் நின்று சாய்வாக, 70 மில்லிமீட்டருக்கு மேல் வைத்து முகப்புகளை நெருக்கிப் பாருங்கள். அங்கிருந்து தெற்கே நடந்தால் ஹை பேட்டரி கடற்சுவர், தூண் வைத்த மாளிகைகள், முனையில் ஒயிட் பாயின்ட் தோட்டம். மாலையில் அதே முனையைச் சுற்றி ஆஷ்லி ஆற்றுப் பக்கம் வந்துவிடுங்கள்.

மதியம் அறைக்குப் போய்ப் படுக்க வேண்டியதில்லை. இந்த ஊருக்கென்றே ஒரு வீட்டு அமைப்பு உண்டு, சிங்கிள் ஹவுஸ் என்பார்கள். ஒரே அறை அகலம், ஒடுங்கிய பக்கம் தெருவைப் பார்க்கும், நீளப் பக்கம் முழுக்க மாடி மாடியாகத் தாழ்வாரம். தெருவில் இருக்கும் கதவைத் திறந்தால் வீட்டுக்குள் போக மாட்டீர்கள், தாழ்வாரத்துக்குத்தான் போவீர்கள். காற்றுக்காகப் பெரும்பாலும் தெற்கோ மேற்கோ பார்த்து வைத்திருப்பதால் பிற்பகல் வெயில் நேராக அங்கே விழுகிறது. ட்ராட் தெரு, லெகாரே தெரு, சர்ச் தெருவின் தென்பாதி என்று மெதுவாக நடங்கள். கம்பிக் கதவு திறந்திருந்தாலும் உள்ளே காலெடுத்து வைக்காதீர்கள், அவை மனிதர்கள் குடியிருக்கும் வீடுகள்.

இருட்டும் வேளைக்குத் தேவாலயங்களை ஒதுக்குங்கள். 1931இல் அமெரிக்காவிலேயே முதன்முதலாகப் பழைய நகரப் பகுதியைச் சட்டம் போட்டுக் காத்த ஊர் இது. அதனால் வானத்தில் இன்னமும் கோபுரங்கள்தான் உயரம். பிராட் தெருவும் மீட்டிங் தெருவும் சந்திக்கும் மூலையில் செயின்ட் மைக்கேல்ஸ், 1761இல் கட்டி முடித்தது. என் விருப்பம் செயின்ட் பிலிப்ஸ். அதன் முகமண்டபம் சாலைக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால் சர்ச் தெருவே அதைச் சுற்றி வளைந்து போகிறது. தெற்கிலிருந்து, க்வீன் தெரு முனையில் நின்று வடக்கே பார்த்தால் தெருவின் கடைசியில் கோபுரம் வந்து உட்காரும். வானம் கருநீலமாகி விளக்குகள் ஏறும் இருபது நிமிடம் போதும்.

இந்த அழகைக் கட்டியவர்கள் யார் என்ற கேள்வியோடு படமெடுத்தால் உங்கள் தொகுப்பு தபால் அட்டைத் தரத்திலிருந்து நகரும். இங்கிருந்து கீழே சொல்வதை எந்தப் பத்து இடப் பட்டியலையும்விட முக்கியமாக நினைக்கிறேன். பழைய செங்கல் சுவர்களில் சாய்வெயில் விழும்போது உற்றுப் பாருங்கள், சில கற்களில் விரல் பதிவுகள் தெரியும். ஈரம் காயுமுன் தூக்கிவைத்த அடிமை மக்களின் விரல்கள், சில குழந்தைகளுடையவை. ஒளி நேராக விழுந்தால் தட்டையாகிவிடும், பக்கத்திலிருந்து வர வேண்டும். அதே சுவர்களில் நட்சத்திரம், வட்டம், எக்ஸ் வடிவத்தில் இரும்புத் தகடுகளும் இருக்கும். 1886 ஆகஸ்ட் 31 நிலநடுக்கத்துக்குப் பின் சுவரை இழுத்துப் பிடிக்கக் கம்பி கோத்த அடையாளம். இரும்புக் கதவுகளை எடுப்பதானால் பிலிப் சிம்மன்ஸ் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1912 முதல் 2009 வரை வாழ்ந்த கறுப்பினக் கொல்லர், நகரின் எத்தனையோ கதவுகள் அவர் பட்டறையில் வார்த்தெடுக்காமல் அடித்து வளைத்தவை. ஈஸ்ட் பே தெரு 329ஆம் எண் வீட்டில் பாம்பு நெளியும் கதவு அவருடையது.

துறைமுகக் கரையில் காட்ஸ்டன்ஸ் வார்ஃப் என்ற இடம். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மக்கள் ஆயிரமாயிரமாக இறக்கப்பட்ட துறை. அதன் மேல் 2023 ஜூனில் சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறந்தார்கள். மண்ணைத் தொடக்கூடாது என்று கட்டடத்தையே 18 தூண்களில் 13 அடி உயரத்தில் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அதன் நிழலில் ஆழமில்லாத குளம் ஒன்று, அடியில் அடிமைக் கப்பலில் அடுக்கிவைத்த மனித உருவங்கள், வரிவரியாக. தண்ணீர் நிரம்பும்போது மூழ்கும், வடியும்போது தெரியும். நிலவடிவமைப்பாளர் வால்டர் ஹூட் வடிவமைத்தது. கீழேயுள்ள நினைவுத் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. பாதி வடிந்த நிலைக்குக் காத்திருங்கள். அங்கே நின்று செல்ஃபி எடுக்காதீர்கள், குடும்பத்தோடு வந்து அழுபவர்கள் இருப்பார்கள், அவர்கள் பக்கம் லென்ஸைத் திருப்பவும் வேண்டாம்.

அதே கண்ணோடு, அடிமைகள் உழைத்த பழைய பண்ணையான பூன் ஹாலுக்குப் போங்கள். 1743இல் நட்ட ஓக் மரச் சாலையை எல்லாரும் எடுப்பார்கள், எடுக்கத்தான் வேண்டும், முக்கால் மைல் நீளம். கடைசியில் தெரியும் வெள்ளைத் தூண் மாளிகை 1936இல் கட்டியது. பக்கத்தில் வரிசையாக நிற்கும் ஒன்பது செங்கல் குடிசைகள்தான் உண்மையில் பழையவை, அடிமைகள் குடியிருந்தவை. மேகம் போட்ட நாளில் அந்தக் குடிசைகளின் செங்கல் நிறம் நன்றாக விழும்.

சிட்டி மார்க்கெட்டில் ஸ்வீட்கிராஸ் புல்லில் கூடை பின்னும் கல்லா (Gullah, இங்கே அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்களின் வழிவந்த சமூகம்) பெண்களை எடுக்க ஆசையாக இருக்கும். முதலில் பேசுங்கள், கேளுங்கள், முடிந்தால் ஒன்று வாங்குங்கள். சின்னதே விலை கூடுதல்தான், பின்ன எடுக்கும் நேரம் அப்படி. மறுத்தால் நகர்ந்துவிடுங்கள்.

நகரத்துக்கு வெளியே ஒரே ஒரு விடியல்தான் கிடைக்கும் என்றால் ஃபாலி பீச்சின் வடகிழக்கு முனைக்குக் கொடுங்கள். மாரிஸ் தீவு கலங்கரை விளக்கம் கடலுக்குள் தனியாக நிற்கும். 1876இல் ஏற்றியபோது நிலத்தில்தான் இருந்தது. துறைமுகத்துக்குத் தடுப்புச் சுவர் கட்டியதும் மணல் அரித்துக் கரை பின்வாங்கிவிட்டது. 1962இல் விளக்கை அணைத்துவிட்டார்கள். இங்கே ஏற்றம் உங்களுக்கு எதிரி: கடற்கரை ஒடுங்கி நிற்க இடமிருக்காது. ஆகவே மூன்று நாளில் வற்றத்துக்கு எந்த விடியல் நெருக்கமோ அதற்கு வையுங்கள். இலையுதிர்காலத்தில் சூரியன் கோபுரத்துக்கு நன்றாக வலப்பக்கம் எழும், பக்க வெளிச்சத்தில் மங்கிய பட்டைகள் துலங்கும். வெளிச்சத்தைக் குறைக்கும் கருப்பு ஃபில்டர் போட்டு ஒரு நிமிட எக்ஸ்போஷர் கொடுத்தால் அலை புகையாகிவிடும். தண்ணீரில் இறங்காதீர்கள், நீரோட்டம் பொல்லாதது.

ஏஞ்சல் ஓக் ஜான்ஸ் தீவில் இருக்கிறது. காலை ஒன்பதுக்கு முன் கேட் திறக்காது என்பதால் விடியல் படமெல்லாம் நடக்காது. வெயிலில் போனால் இலை நிழல் புள்ளி புள்ளியாக விழுந்து மரமே தெரியாது. மழை பெய்த மறுநாள் போங்கள். கிளைகளில் படர்ந்திருக்கும் பெரணி வறட்சியில் பழுப்பாகச் சுருண்டு கிடந்து, நனைந்ததும் பச்சையாக விரிந்துவிடும்.

மாலைகளில் ஒன்றை மவுண்ட் பிளசன்ட் பக்கம் ரேவனெல் பாலத்தடிப் பூங்காவில் செலவிடலாம், வைர வடிவக் கோபுரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கும். ஷெம் ஓடையில் இறால் படகுகளும் கூழைக்கடாவும். இரண்டும் பக்கம் பக்கம்தான், ஏற்றம் நிறைந்திருந்தால் ஓடை, இல்லையென்றால் பாலம்.

லென்ஸ் விஷயத்தில் அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். 24-70 மில்லிமீட்டர் ஒன்று, 70-200 ஒன்று, பளபளப்பைக் குறைக்கும் போலரைசர், முன்னே சொன்ன கருப்பு ஃபில்டர் ஆறு ஸ்டாப் அல்லது பத்து ஸ்டாப்பில். பறவைதான் குறி என்றால் மட்டும் அதற்கு மேல். ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸ் பனித்துப்போகும், பையை மூடியபடியே அரைமணி வெளியில் வைத்துவிட்டுத் திறங்கள். சதுப்பு ஓரங்களில் கண்ணுக்கே தெரியாத பொடிப் பூச்சி ஒன்று விடியலிலும் மாலையிலும் பிய்த்தெடுக்கும், முழுக்கைச் சட்டை போடுங்கள். சம்டர் கோட்டைக்குப் படகில் போவதானால் ட்ரோனை அறையிலேயே விடுங்கள், தேசியப் பூங்கா நிலங்களில் பறக்கவிடத் தடை. பசித்தால் கிரிட்ஸ் கேளுங்கள், மக்காச்சோள ரவையில் கிண்டிய வெண்பொங்கல் மாதிரி இருக்கும். இறால் சாப்பிடாதவர்கள் அதை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் இரண்டையும் சேர்த்தேதான் பெரும்பாலும் கொண்டுவந்து வைப்பார்கள்.