படிக்கத் தெரியும், சரி... அப்புறம்? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் நிறைய, படிப்பதையும் எழுதுவதையும் பற்றியே இருந்தன. செப்டம்பர் 8 உலக எழுத்தறிவு நாள் என்பதால் இருக்கலாம் (1966ல் யுனெஸ்கோ அறிவித்தது, மறு வருடத்திலிருந்து கொண்டாடுகிறார்கள்). அதனால் சமையல், சினிமா கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கே: எல்லாமே வாய்ஸ் மெசேஜ், வீடியோ என்று ஆகிவிட்டது. போனே படித்துக் காட்டுகிறது, நான் பேசினால் அதுவே எழுதியும் தருகிறது. இன்னும் வீட்டில் "படி, எழுது" என்று நச்சரிக்கிறார்கள். இனிமேல் அதெல்லாம் எதற்கு? – ஒரு கல்லூரி மாணவர்

தம்பி, இந்தக் கேள்வியை நீங்கள் குரலில் அனுப்பவில்லை. ஒற்றுப் பிழைகூட இல்லாமல் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறீர்கள். அதுவே பாதி பதில்.

மீதிப் பாதிக்கு வருவோம். இருபது பக்க வாடகை ஒப்பந்தம் ஒன்றைப் போன் உங்களுக்குப் படித்துக் காட்டுகிறது என்று வையுங்கள். ஏழாம் பக்கத்தில் ஒரு விதி வருகிறது, பதினைந்தாம் பக்கத்தில் அந்த விதிக்கு ஒரு விலக்கு வருகிறது, அதைக் கேட்கும்போது ஏழாம் பக்கம் என்ன சொன்னது என்பது காற்றோடு போயிருக்கும். கண்ணால் படிப்பவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவார். வேகமும் ஒரு விஷயம்தான். ஆங்கிலம் படிப்பவர்களை வைத்து நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தால், மனதுக்குள் படிக்கும்போது நிமிடத்துக்கு சராசரியாக 238 சொற்கள் போகின்றன; சாதாரணப் பேச்சு 150ஐ ஒட்டி இருக்கும். ஆனால் வேகத்தைவிட, வேண்டாததைத் தாண்டிப்போய் வேண்டியதில் நிற்க முடிகிறதே, அதுதான் பெரிய வசதி. பார்வையற்ற நண்பர் யாராவது திரைவாசிப்பு மென்பொருளைப் பயன்படுத்துவதைப் பார்த்திருந்தால் தெரியும், அவர் சும்மா உட்கார்ந்து கேட்பதில்லை, தலைப்புக்குத் தலைப்பு தாவுவார், ஒரு வரியைத் திரும்ப வாங்குவார், நமக்கு ஒன்றுமே விளங்காத வேகத்தில் ஓட்டுவார். அதுவும் முழுப் படிப்புதான், காது வழியாக. நீங்கள் சொல்வது அது இல்லை, கேட்டுவிட்டு விட்டுவிடுவது.

எழுதுவதைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று: நீங்கள் "வேண்டாம்" என்று சொன்னதைக் கருவி "வேண்டும்" என்று எழுதிவிட்டால், அனுப்பும் முன் அதைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் படிக்கத் தெரிய வேண்டும்.

கே: என் மாமியாருக்கு 60 வயது. கையெழுத்து மட்டும் போடுவார். படிக்க ஆசை, ஆனால் "இந்த வயசுல மண்டையில ஏறுமா" என்று அவரே நிறுத்திக்கொள்கிறார். உண்மையிலேயே ஏறுமா? எப்படித் தொடங்குவது? – ஒரு வாசகி

ஏறும். பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் பெரியவர்களான பிறகு படிக்கக் கற்றவர்களை மூளை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். ஆய்வு 2010ல் வெளிவந்தது. சிறுவயதிலேயே படித்தவர்களின் மூளையில் எழுத்தைப் பார்த்ததும் விழித்துக்கொள்ளும் பகுதி இவர்களிடமும் விழித்துக்கொள்கிறது. கென்யாவில் கிமானி மருகே என்பவர் 2004ல் ஒன்றாம் வகுப்பில் சேரும்போது அவருக்கு வயது 84. உங்கள் மாமியார் அவருக்கு மகள் வயது.

முதலில் செய்ய வேண்டியது புத்தகம் வாங்குவது இல்லை, கண் பரிசோதனை. நாற்பதைத் தாண்டினால் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியத் தொடங்கும், படித்தவர்கள் தாளைத் தள்ளிப் பிடிக்கும்போதே அது தெரிந்துவிடும், படிக்காதவருக்குத் தாளைப் பிடிக்கும் தேவையே வராததால் தெரியாமலே போய்விடும். "எனக்கு ஏற மாட்டேங்குது" என்று சொல்லும் பெரியவர்களில் சிலருக்கு ஏறாததற்குக் காரணம் எழுத்து கண்ணுக்குத் தெரியவே இல்லை என்பதுதான். ஒரு கண்ணாடியில் தீர்கிற பிரச்சினை.

இரண்டாவது, குழந்தைகளின் பாடப்புத்தகத்தை நீட்டாதீர்கள். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவரை "ஆடு, இலை" என்று ராகம் போட வைத்தால் கூச்சமாகத்தான் இருக்கும். பாவ்லோ ஃபிரெய்ரே என்ற பிரேசில் கல்வியாளர் 1963ல் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு ஏறத்தாழ 40 மணி நேர வகுப்பில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். அவர் முறையில் அகர வரிசை முதலில் வராது. செங்கல் மாதிரி, படிக்க வருபவர் தினமும் புழங்கும் ஒரு சொல்லை எடுப்பார்கள், அதைப் பற்றி முதலில் பேசுவார்கள், பிறகு அதைத் துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டின் வரிசையையும் காட்டி, அவற்றிலிருந்து புதுச் சொற்களைக் கட்ட வைப்பார்கள்.

தமிழுக்கு இது நன்றாகவே ஒத்து வருகிறது. மாமியாரின் மகள் பெயர் மாலதி என்று வைத்துக்கொள்வோம். மா, ல, தி. இந்த மூன்றை மட்டும் போனில் உள்ள பெயர்ப் பட்டியலில் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மறுநாள் ம, ல, த வரிசைகள். அவ்வளவுதான், மலை, மாலை, தலை, தாலி, மாமா, மாமி எல்லாம் அவரே கூட்டிப் படித்துவிடுவார். "மாமி" என்று அவராகவே எழுதிக் காட்டும்போது வீட்டில் யாரும் சிரிக்காமல் இருக்க வேண்டும், குறிப்பாகப் பேரப்பிள்ளைகள். அப்புறம் மாத்திரை அட்டை, பேருந்துப் பலகை, மின்கட்டண ரசீது என்று அவர் கைக்கு வருவதை எல்லாம் பாடமாக்கலாம். தினமும் கால் மணி நேரம் போதும், ஆனால் தினமும்.

கியூபாவில் 1961ல் ஒரே வருடத்தில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் பள்ளிப் பிள்ளைகள். முடிவில் தேர்வு என்ன தெரியுமா, நாட்டின் தலைவர் ஃபிடல் காஸ்ட்ரோவுக்குச் சொந்தக் கையால் ஒரு கடிதம் எழுத வேண்டும். உங்கள் மாமியார் தலைவருக்கு எழுத வேண்டாம், மகளுக்கு ஒரு வரி குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். உலகில் இன்னும் 70 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு எழுத்தறிவு கிட்டவில்லை, அவர்களில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டிப் பெண்கள். அந்தப் பட்டியலிலிருந்து ஒரு பெயரை உங்கள் வீட்டிலேயே அடித்துவிடலாம்.

கே: மகன் ஐந்தாம் வகுப்பு. கடகடவென்று படிக்கிறான். "என்னப்பா படிச்சே?" என்று கேட்டால் முழிக்கிறான். கவனக் குறைவா? – ஒரு தந்தை

இருக்கலாம், ஆனால் திட்டுவதற்கு முன் வேறு ஒன்றைப் பாருங்கள். கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986ல் எளிமையாக ஒரு கணக்குச் சொன்னார்கள்: படித்துப் புரிந்துகொள்வது என்பது, எழுத்துக் கூட்டிப் படிக்கும் திறனையும் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். உங்கள் மகனுக்கு முதலாவது இருக்கிறது. அதே பாடத்தை நீங்கள் படித்துக் காட்டிவிட்டுக் கேள்வி கேளுங்கள். அப்போதும் முழித்தால் சிக்கல் படிப்பதில் இல்லை, அந்தச் சொற்களும் அந்த விஷயமும் அவனுக்குப் புதிது.

விஷயம் தெரிந்திருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1988ல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்றை அடிக்கடி சொல்வார்கள். பேஸ்பால் ஆட்டம் ஒன்றை விவரிக்கும் பகுதியைப் பள்ளி மாணவர்களிடம் கொடுத்தார்கள். வாசிப்பில் சுமார்தான், ஆனால் பேஸ்பால் தெரியும் என்ற பிள்ளைகள், நன்றாகப் படிக்கும் ஆனால் பேஸ்பால் தெரியாத பிள்ளைகளைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். உங்கள் மகனுக்கு எதில் பைத்தியம்? கிரிக்கெட்டா, டைனோசரா, ராக்கெட்டா? அதைப் படிக்கக் கொடுங்கள், அப்போது முழிக்கிறானா பாருங்கள். மற்ற விஷயங்களுக்கு அவனோடு நிறையப் பேசுவதைத் தவிரக் குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இது குழந்தைகள் சமாசாரம் மட்டும் இல்லை. "இரண்டு மாத்திரை, தினம் இரண்டு வேளை" என்ற மருந்துச் சீட்டு வாசகத்தை வைத்து 2006ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. வாசிப்புத் திறன் குறைந்த நோயாளிகளில் 71 சதவீதம் பேர் அந்த வாசகத்தைச் சரியாகவே சொன்னார்கள். "சரி, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, எண்ணிக் காட்டுங்கள்" என்றதும் சரியாகக் காட்டியவர்கள் 35 சதவீதம். வாயால் சொன்னவர்களில் பாதிப் பேருக்கு அந்த வாசகம் நான்கு மாத்திரையாக மாறவே இல்லை. 1958லேயே யுனெஸ்கோ எழுத்தறிவுக்குத் தந்த வரையறையில் "புரிதலுடன்" என்ற நிபந்தனை உண்டு, கணக்கெடுக்கும்போதுதான் எல்லாரும் அதை மறந்துவிடுகிறார்கள்.

கே: எங்கள் குழுவில் பொய்ச் செய்திகளை அதிகம் அனுப்புவது பட்டம் வாங்கியவர்கள்தான். அப்புறம் படிப்பால் என்ன பயன்? – ஓய்வுபெற்ற ஆசிரியர்

ஐயா, நீங்கள் சொல்வது வெறும் எரிச்சல் இல்லை, அதற்கு ஆதாரமே உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வரலாற்றுப் பேராசிரியர்கள், மாணவர்கள், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள் என்று மூன்று கூட்டத்தாரிடம் சில இணையப் பக்கங்களைக் கொடுத்து எதை நம்பலாம் என்று கேட்டார்கள். அதில் ஒன்று குழந்தை மருத்துவர்கள் பற்றியது. அமெரிக்காவில் அந்தத் துறைக்கு 1930ல் தொடங்கிய, 60 ஆயிரத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் கொண்ட பெரிய சங்கம் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து கருத்து வேறுபாட்டால் பிரிந்தவர்கள் 2002ல் தொடங்கிய, கிட்டத்தட்ட அதே மாதிரிப் பெயர் கொண்ட சின்ன அமைப்பு இன்னொன்று. இரண்டின் பக்கங்களும் பார்க்க ஒரே லட்சணம். பேராசிரியர்களே தடுமாறினார்கள், ஏனென்றால் அவர்கள் அந்தப் பக்கத்தையே மேலிருந்து கீழாக ஊன்றிப் படித்தார்கள், அடிக்குறிப்பு இருக்கிறதா, நடை கண்ணியமாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். சரிபார்ப்பாளர்களோ சில நொடிகளிலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, புது ஜன்னல் திறந்து, "இவர்கள் யார்? மற்றவர்கள் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?" என்று தேடினார்கள்.

அதாவது நாம் பள்ளியில் நல்ல பழக்கம் என்று சொல்லிக்கொடுத்த "ஊன்றிப் படி" என்பதே, யார் எழுதியது என்று தெரியாத இடத்தில் காலை வாரிவிடுகிறது. முதலில் ஆள் யார் என்று விசாரிக்க வேண்டும், ஊன்றுவது அப்புறம். தகவலைத் தேடி, எடைபோட்டு, பயன்படுத்துவதற்குத் தனித் திறன் வேண்டும் என்று 1974லேயே பால் ஸர்கோவ்ஸ்கி என்பவர் சொல்லி அதற்கு "தகவல் எழுத்தறிவு" என்று ஒரு பெயரும் வைத்துவிட்டார். கல்லூரிகள் பலவற்றில் அது இன்னும் நூலகத்தை ஒருமுறை சுற்றிக்காட்டுவதோடு முடிந்துவிடுகிறது.

உங்கள் குழுவில் ஒரு விதி கொண்டுவந்து பாருங்கள்: யார் எதை அனுப்பினாலும் முதலில் சொன்னது யார், எந்தத் தேதி என்ற இரண்டையும் சேர்த்து அனுப்ப வேண்டும். பாதி அங்கேயே நின்றுவிடும். சண்டையும் வரும், தயாராக இருங்கள்.

கே: எழுத்தே தெரியாமல் வாழ்க்கையில் ஜெயித்தவர்கள் எத்தனையோ பேர் இல்லையா?

உண்டு, அவர்கள் மூளைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர்களுக்காகப் படித்துச் சொல்ல யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்திருப்பார், அவர் நல்லவராகவும் இருந்திருப்பார்.

எழுத்தின் மதிப்பு தெரிய வேண்டுமானால் அதைத் தடுத்தவர்களைக் கேளுங்கள். அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில் 1739ல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த வருடமே வந்த சட்டத்தில், அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் அபராதம். அடிமை வெளியே போக எஜமானர் எழுதிக் கொடுத்த சீட்டு வேண்டும், எழுதத் தெரிந்தவன் தன் சீட்டைத் தானே எழுதிக்கொள்வான் அல்லவா? பின்னால் மேரிலாந்தில் அடிமையாக இருந்த பிரெடரிக் டக்ளஸ் 1836ல் தப்பிக்க முயன்றபோது அதைத்தான் செய்தார், தனக்கும் கூட்டாளிகளுக்கும் அனுமதிச் சீட்டு எழுதினார். அந்த முறை பிடிபட்டார். 1838ல் தப்பியேவிட்டார்.

கே: எனக்குப் படிக்கத் தெரியும், ஆனால் படிவம் என்றாலே பயம். "இங்கே கையெழுத்து" என்று விரலைக் காட்டினால் போட்டுவிடுகிறேன். என்ன செய்வது? – ஓர் இல்லத்தரசி

விரல் காட்டும் இடத்தை விட்டுவிட்டு மூன்று இடங்களைப் பாருங்கள் அம்மா: தொகை, தேதி, "தவறினால்" என்று தொடங்கும் வரி. தொகை எண்ணிலும் எழுத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். நிரப்பாத இடம் இருந்தால் கையெழுத்துக்கு முன்பே ஒரு கோடு இழுத்துவிடுங்கள், பின்னால் யாரும் எதையும் எழுத முடியாது. விளங்காத வரியை, "இதற்கு என்ன அர்த்தம், ஒரு உதாரணம் சொல்லுங்கள்" என்று கேட்கலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, அந்த வரியை எழுதியவருக்குத்தான் வெட்கம் வர வேண்டும். "எல்லாரும் போடுறதுதான், சும்மா போடுங்க" என்று அவசரப்படுத்தினால் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு ஒரு நகல் கேட்டு வாங்குங்கள், இல்லை என்றால் போனில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து.