பரங்கிக்காய் விளக்கு

கேள்வி: காரைக்குடியில் கல்லூரி விடுதியில் இருக்கிறேன். அக்டோபர் 31 ஹாலோவீனுக்குப் பரங்கிக்காயில் முகம் செதுக்கி விளக்கு வைக்க ஆசை. போன வருஷம் சீனியர்கள் வைத்தது இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துச் சரிந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: ஐப்பசி மழை ஈரம்தான் காரணம், வெட்டிய சதை காயவே காயாது. 30-ம் தேதி மாலைக்கு முன் கத்தி வைக்காதீர்கள். காம்பு காய்ந்த, நகம் இறங்காத முற்றின காயாக மூன்று, நான்கு கிலோவில் வாங்குங்கள். மேல்பக்கம் வேண்டாம், அடிப்பக்கம் வட்டமாக வெட்டி விதையை எடுங்கள். நம் ஊர்க் காய்க்குச் சதை கனம். முகம் வரும் பக்கத்தை மட்டும் எவர்சில்வர் கரண்டியால் ஒரு அங்குலக் கனம் மிஞ்சும் வரை சுரண்டுங்கள். அதற்கு மேல் கனம் இருந்தால் கண் வெட்டும்போது கத்தி சிக்கும். ரொம்ப மெலிந்தால் பல் ஒடிந்துவிடும். பேனாவால் வரைந்து, பல் வைத்த சின்னக் கத்தியால் மெதுவாக அறுங்கள், எப்போதும் கையை விட்டு வெளிப்பக்கமாக. வெட்டிய ஓரங்களைத் துணியால் ஒற்றி எடுங்கள். மெழுகுவத்தி கூடவே கூடாது: சூட்டில் சதை வெந்து குழையும், விடுதி அறையில் தீயும் பயம். பேட்டரி விளக்கு போதும். சுரண்டிய சதையை அன்றைக்கே மெஸ்ஸில் கொடுத்தால் புளிக்கறி ஆகிவிடும். விளக்காக வைத்த காயைச் சமைக்காதீர்கள். மாட்டுக்குப் போடுவதென்றால் பூஞ்சை வரும் முன்பே, மறுநாள் காலையிலேயே போடுங்கள்.