கேலக்ஸிக்கும் வயசாகும்: கேளுங்க, சொல்லுதேன்

எனக்கு ஊர் பாளையங்கோட்டை, வேலை பெங்களூருல. கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த கூட்டத்தைத்தான் கேலக்ஸிங்கோம். அதுகள் எப்படி வளர்ந்து மாறுதுங்கிறதுதான் என் ஆராய்ச்சி. வந்த கேள்விகள்ல சில.

அம்பை, பிளஸ் டூ மாணவி: அக்கா, கேலக்ஸி மாற கோடிக்கணக்கான வருஷம் ஆகும்லா? மாறுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கீங்க?

பிசான நெல் நடுற சமயம் பாபநாசத்துல பஸ் ஏறி நெல்லை ஜங்ஷனுக்கு வா. மேல நதியுண்ணி வாய்க்கால்ல தண்ணி முந்தி வரும், நடவும் முந்தி. கீழ வர வரப் பயிர் இளசு. நாலு மாசம் வரப்புல காத்துக் கிடக்காமலே பயிரோட பல வயசையும் பாத்துருவ. வானமும் அப்படித்தான். தூரத்து ஒளி வந்துசேர நாளாகும். தூரம் போகப் போக கேலக்ஸியோட சின்ன வயசுதான் தெரியும். நிறமும் காட்டிக் கொடுக்கும். கனமான நீல நட்சத்திரங்கள் சில கோடி வருஷத்துக்குள்ள தீர்ந்துரும், சிவந்த சின்னதுகள் நெடுநாள் நிக்கும். நீலம் தூக்கலா இருந்தா அங்க இன்னும் நட்சத்திரம் பிறக்குதுன்னு அர்த்தம்.

தென்காசி, ஒரு தகப்பனார்: மகளுக்கு இதுல ஆசை. கல்யாணம் முடிஞ்சு மாப்பிள்ளை ஊருக்குப் போனா படிப்பு என்னாகும்?

அண்ணாச்சி, பியாட்ரிஸ் டின்ஸ்லின்னு நியூசிலாந்துல வளர்ந்த ஒரு வானியல் விஞ்ஞானி. கணவர் வேலைக்காக அமெரிக்காவுல டாலஸ் போனாங்க. படிக்க இடம் கிடைச்சது ஆஸ்டின்ல. சுமார் 300 கிலோமீட்டர், நெல்லையிலேருந்து திருச்சி தூரம். போய்வந்து படிச்சே 1966-ல ஆய்வேட்டை முடிச்சாங்க. கேலக்ஸியோட பிரகாசம் பெருசா மாறாதுன்னு நம்பி, பிரபஞ்சம் விரியுற கணக்கைப் பெரியவங்க போட்டுக்கிட்டிருந்த காலம். உள்ள இருக்கிற நட்சத்திரங்களுக்கு வயசானா பிரகாசமும் மாறும், அந்தக் கணக்கு நிக்காதுன்னு இவங்க காட்டினாங்க. ஆனா டாலஸ்ல நிலையான வேலை அமையல. 1974-ல மணவிலக்கு, தத்தெடுத்த ரெண்டு பிள்ளைகளும் தகப்பன்கிட்ட. 1978-ல யேல் பல்கலைக்கழகத்துல பேராசிரியர். 1981-ல தோல் புற்றுநோய்ல இறந்தப்போ வயசு 40.

குடும்பத்தைப் பிரிச்சது படிப்புன்னு நான் சொல்லமாட்டேன். இருந்த ஊர்லயே ஒரு வேலை கொடுத்திருக்கலாம். மாப்பிள்ளை பாக்கும்போது சம்பளத்தோட, ஊர் மாறச் சம்மதமான்னும் கேட்டுருங்க.

வள்ளியூர், பி.எஸ்சி. இயற்பியல்: நான் தமிழ் மீடியம். முடியுமா?

நானும் அதுதான். இங்கிலீஷ் ஒரு வருஷத்துல பழகிரும், கணக்கு கைவிட்டாத்தான் கஷ்டம். மேல்படிப்பு, ஆராய்ச்சிப் படிப்புல சேர எழுதுற ஜாம், ஜெஸ்ட் நுழைவுத் தேர்வுகளுக்கு இப்பவே படிங்க.

ராதாபுரம்: ராத்திரியெல்லாம் மலை உச்சியில முழிக்கணுமா?

எப்பவாவது. லடாக் ஹான்லேயில 4,500 மீட்டர் உயரத்துல இருக்கிற தொலைநோக்கியையே பெங்களூரு பக்கத்து ஓசக்கோட்டையில உக்காந்து இயக்குறாங்க. எனக்குப் பாதி நாள் கம்ப்யூட்டர்ல பைத்தான் புரோகிராமோடதான் மல்லுக்கட்டு.

சங்கரன்கோவில்: வெறுங்கண்ணுக்கு ஒரு கேலக்ஸி தெரியுமா?

ஆண்ட்ரோமீடா தெரியும். தை பிறந்ததும் ராத்திரி ஏழரைக்கு வடமேற்கே, மங்கலா ஒரு பஞ்சுத் திட்டு. அந்த ஒளி கிளம்பி 25 லட்சம் வருஷமாச்சு. தெருவிளக்கு இல்லாத பக்கமாப் போங்க, நிலா இல்லாத நாளாப் பாத்து.