வெளிச்சம் பட்டால் அடங்கும் செல்கள்

கேள்வி: முதுகெலும்பிகளின் விழித்திரையில் உள்ள நரம்பு செல்கள் எந்தெந்த நரம்புக்கடத்திகளைப் பயன்படுத்துகின்றன? வெளிச்சம் பட்டதும் அவை சுரக்கத் தொடங்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முதுகெலும்பிகளின் கண்ணில் நடப்பது அதற்கு நேர்மாறு. ஒளியை உணரும் கோல் செல்களும் கூம்பு செல்களும் (ஒளி ஏற்பி செல்கள்) இருட்டில்தான் குளூட்டமேட் என்ற நரம்புக்கடத்தியை, அதாவது அடுத்த செல்லுக்குச் செய்தி சொல்லும் வேதிப்பொருளை, விடாமல் சுரந்துகொண்டிருக்கும். வெளிச்சம் விழுந்ததும் அந்தச் சுரப்பு குறையும். முதன்முதலில் படித்தபோது அச்சுப்பிழையோ என்று நினைத்துப் பக்கத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்தேன்.

காரணம் இதுதான். இருட்டில் இந்தச் செல்களின் வெளி முனையில் சோடியம் நுழையும் வாசல்கள் பல திறந்திருக்கும். அவற்றைத் திறந்து வைத்திருப்பது சைக்ளிக் ஜிஎம்பி என்ற சிறு மூலக்கூறு. ஒளி நிறமியில் பட்டதும் ஒரு நொதி கிளர்ந்து அந்த மூலக்கூறைச் சிதைத்துவிடும். வாசல்கள் மூடும். செல்லின் மின்னழுத்தம் சுமார் -40 மில்லிவோல்ட்டிலிருந்து -70 நோக்கி இறங்கும். அடிமுனையில் உள்ள கால்சியம் வாசல்களும் மூட, குளூட்டமேட் வருவது குறைந்துபோகும்.

1960களில் ட்சுனியோ டொமிட்டா என்ற ஜப்பானிய ஆய்வாளர் கெண்டை மீனின் கூம்பு செல்லுக்குள் மின்முனையைச் செலுத்தி இந்த இறக்கத்தை அளந்து காட்டினார். செல் அவ்வளவு சிறியது என்பதால், விழித்திரையையே வெடுக்கென்று அசைத்து மின்முனை உள்ளே இறங்கும்படி செய்தார்கள். அந்தப் பொறுமையை இன்றும் வியக்கிறேன்.

சரி, அடுத்த செல் இதை எப்படிப் புரிந்துகொள்கிறது? எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். ஒரே கூம்பு செல், ஒரே குளூட்டமேட். ஆனால் அதை வாங்கும் இருமுனை செல்கள் இரண்டு வகை. ஆஃப் வகையில் இருப்பது வழக்கமான குளூட்டமேட் ஏற்பி: குளூட்டமேட் வந்தால் செல் தூண்டப்படும், அதாவது இருட்டில் விழித்துக்கொள்ளும். ஆன் வகையில் இருப்பது எம்ஜிளூஆர்6 (mGluR6) என்ற வேறோர் ஏற்பி. அதில் குளூட்டமேட் ஒட்டியிருக்கும்வரை டிஆர்பிஎம்1 என்ற வாசல் மூடியே இருக்கும். வெளிச்சம் வந்து குளூட்டமேட் குறைந்த பிறகே வாசல் திறந்து செல் தூண்டப்படும். ஒரு வேதிப்பொருள் தூண்டுமா அடக்குமா என்பதைத் தீர்மானிப்பது அதை வாங்கும் ஏற்பிதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் பார்த்ததில்லை. 1981இல் ஸ்லாட்டர், மில்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நீர்வாழ் சாலமாண்டர் ஒன்றின் விழித்திரையில், ஆன் வகை ஏற்பியில் குளூட்டமேட்டைப் போலவே ஒட்டும் ஏபிபி என்ற மருந்தைச் செலுத்தினார்கள். ஆன் பதில்கள் மட்டும் மறைந்தன, ஆஃப் பதில்கள் அப்படியே இருந்தன.

கண்ணின் மின்பதிவு எடுக்கும் வேலையில் இருப்பதால் இதைத் திரையில் நேரடியாகவே பார்த்திருக்கிறேன். இருபது நிமிடம் இருட்டில் உட்கார வைத்து, மங்கலான சிவப்பு விளக்கில் மின்முனையைப் பொருத்தி, ஒரு மின்னல் வெளிச்சம் கொடுப்போம். கோடு முதலில் கீழே இறங்கும்: ஒளி ஏற்பி செல்கள் அடங்குகின்றன. உடனே உயரமாக மேலே எழும்: ஆன் இருமுனை செல்கள் கிளம்பிவிட்டன. ஒருமுறை, பிறந்ததிலிருந்தே இரவில் தட்டுத் தடுமாறும் ஒரு சிறுவனுக்கு எடுத்தபோது, கோடு நன்றாக இறங்கியது. எழவே இல்லை. விழித்திரையைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. கோல் செல்கள் ஒளியைச் சரியாகவே பிடித்திருந்தன, ஆனால் அந்தச் செய்தியை வாங்க ஆள் இல்லை. எம்ஜிளூஆர்6, டிஆர்பிஎம்1 போன்றவற்றின் மரபணுக்களில் கோளாறு இருந்தால் இப்படி ஆகும். அப்பலூசா குதிரைகளில் சிலவற்றுக்கு இருக்கும் இரவுக்குருடும் டிஆர்பிஎம்1 கோளாறால் வருவதுதான்.

இனி மற்றவை. இருமுனை செல்கள் அடுத்த அடுக்குக்கு அனுப்புவதும், கேங்க்லியன் செல்கள் மூளைக்கு அனுப்புவதும் பெரும்பாலும் குளூட்டமேட்தான். ஆகவே ஒளியிலிருந்து மூளைவரை நேராகப் போகும் பாதை குளூட்டமேட் பாதை. குறுக்கே நின்று திருத்துபவை கிடைமட்ட செல்களும் அமக்ரைன் செல்களும். கிடைமட்ட செல்களில் பல காபா (GABA) என்ற நரம்புக்கடத்தியை வைத்திருப்பவை. அமக்ரைன் செல்களில் பெரும்பாலானவை காபாவையோ கிளைசினையோ சுரக்கும். இரண்டுமே அடக்கும் வகை.

அமக்ரைனில் நட்சத்திர வடிவச் செல்கள் தனி ரகம். ஒரே செல் அசிட்டைல்கோலினையும் காபாவையும் சுரக்கும். ஒரு பொருள் இடமிருந்து வலம் போகிறதா, வலமிருந்து இடமா என்பதைக் கேங்க்லியன் செல் பிரித்தறிவதற்கு இவற்றின் காபாதான் முக்கியக் காரணம். எதிர்த் திசையில் நகரும் பொருளுக்கு அது தடை போட்டுவிடும். அசைவின் திசையை, மூளைக்குப் போகும் முன்பே, கண்ணே கணித்துவிடுகிறது!

டோபமைன் சுரக்கும் அமக்ரைன் செல்கள் மிகச் சிலவே. ஆனாலும் அந்த டோபமைன் தொலைவுவரை பரவி விழித்திரை முழுவதையும் பகலுக்கு மாற்றும். வெளிச்சத்தில் இதன் சுரப்பு கூடும். கிடைமட்ட செல்களையும் சில அமக்ரைன் செல்களையும் ஒன்றோடொன்று இணைக்கும் மின் இணைப்புகளைத் தளர்த்தி, கோல் செல்களின் பாதையைப் பின்னுக்குத் தள்ளிக் கூம்பு செல்களுக்கு வழிவிடும். இரவில் இதற்கு எதிர்ப்பக்கம் வேலை செய்வது மெலடோனின்.

அப்புறம், இருட்டில் இவ்வளவு குளூட்டமேட் கொட்டினால் தேங்கிவிடாதா? நரம்பு செல்களுக்குத் துணைநிற்கும் மியூலர் செல்கள் அதை உறிஞ்சிக் குளூட்டமைனாக மாற்றி நரம்பு செல்களுக்கே திருப்பிக் கொடுக்கின்றன. தேங்கினால் நரம்பு செல்களுக்கு நஞ்சு.

கேள்வியில் முதுகெலும்பிகள் என்று குறிப்பிட்டுக் கேட்டது நல்லதாயிற்று. ஈயைப் பற்றிக் கேட்டிருந்தால் நீங்கள் நினைத்தது சரியாகவே இருந்திருக்கும். ஈயின் ஒளி ஏற்பி செல் வெளிச்சத்தில்தான் தூண்டப்படும், சுரப்பும் அப்போதுதான் கூடும். அது சுரப்பது குளூட்டமேட் அல்ல, ஹிஸ்டமின்.