தலைமுறைக் கப்பல் என்றால் என்ன? அதில் பிறக்கும் குழந்தையின் சம்மதம்?

ஏறியவர்கள் வழியிலேயே இறந்துபோக, அவர்கள் சந்ததி மட்டும் வேறொரு விண்மீனை அடையும் கற்பனைக் கலம் இது. காரணம் தூரம்தான். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரியே 4.24 ஒளியாண்டு (ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் போகும் தூரம்), நொடிக்கு 17 கி.மீ. ஓடும் வாயேஜர் 1 விண்கலத்தின் வேகத்தில் போனால் சுமார் 75,000 ஆண்டு.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் தமிழர்களான எங்களுக்கு இது புதிய சிக்கல் இல்லை. 1860இல் சென்னையில் 'ட்ரூரோ' கப்பல் ஏறியவர்கள் கூலி வேலை ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தே வந்தார்கள் (அதில் எத்தனை பேருக்கு விவரம் புரிந்ததோ!). கரும்புக்காட்டில் பிறந்த பிள்ளைகளை யார் கேட்டார்கள்? ஆனாலும் ஊர் திரும்ப ஒரு கப்பலாவது இருந்தது. விண்கலத்துப் பிள்ளைக்கு அதுவும் கிடையாது. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

தனிமை என்றால் ஆளில்லாமை என்று பலர் நினைக்கிறார்கள். கலத்தில் ஆயிரம் பேர் இருக்கலாம், ஆனால் பிராக்சிமாவுக்குப் போய்ச் சேர்ந்து, பூமியிடம் "ஆயா, சுகமா?" என்று கேட்டால், செய்தி ஒளி வேகத்தில் போனாலும் பதில் வர எட்டரை ஆண்டு.